உங்கள் காலங்கள் யார் கரத்தில்?



 

இந்தத் தடவை உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். "பாஸ்டருக்குச் செய்தி கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று சிரிக்காதீர்கள். இந்தச் செய்தியைக் கர்த்தர் முதலாவது எனக்குத்தான் கொடுத்தார். கொடுத்த விதத்தைக் கடைசி வரைக்கும் வாசித்தால் உங்களுக்கே புரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை

2024-ம் வருஷம் செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்திற்கு வீடு சந்திக்கப் போயிருந்தேன். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற விசுவாசக் குடும்பம். அந்தச் சகோதரி ஞானஸ்நானம் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. அவர்களுடைய மாமியார் அதற்கும் முன்பே இரட்சிக்கப்பட்டவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருந்தார்கள். தோட்டத்தில் புதிதாகப் போர்வெல் போடுகிறோம், வந்து ஜெபம்பண்ணித் தொடங்கி வையுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். "ஜெபிக்கலாமா அம்மா?" என்றேன்.

"இருங்கய்யா, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க."

மோர் குடித்தேன். "ஜெபிக்கலாமா?"

"இந்தா, முறுக்கு எடுத்துட்டு வர்றேன்யா."

முறுக்கும் வந்தது. அதற்குப் பிறகு கல்யாண ஆல்பம் வந்தது. மூன்றாந்தரம் நான் வேதத்தைத் திறந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பையன் சத்தமாய்ச் சொன்னான்: "அம்மா, ராகு காலம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்மா!"

பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான், உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்கள்! அந்தச் சகோதரிக்கு முகம் வெளிறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று நம் சபையில் கொடுத்த வசனக் காலண்டர். அதன் பக்கத்திலேயே மளிகைக் கடையில் கொடுத்த நாள் காலண்டர், தினம் ஒரு தாள் கிழிக்கிறது. இரண்டும் ஒரே ஆணியில்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இடத்திலேயே ஒரு பிரசங்கம் பண்ணிவிட்டேன். "ராகு காலம் பார்த்து ஜெபிக்கிறதுக்கு எதற்கம்மா ஞானஸ்நானம்?" என்று கேட்டேன். அவர்கள் அழுதுகொண்டே சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது:

"ஐயா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்ட போர்ல தண்ணி வரலை. வாங்குன கடன் இன்னும் அடையலை. ராகு காலத்துல ஆரம்பிச்சீங்க, அதான்னு சொந்தக்காரங்க எல்லாம் பேசுனாங்க. இந்தத் தடவையும் வராமப் போயிட்டா, என்னைய இல்லைய்யா, என் வேதத்தைத்தான் குத்தம் சொல்லுவாங்க."

பிரியமானவர்களே, கவனித்தீர்களா? அந்தச் சகோதரிக்கு ராகுவின்மேல் விசுவாசம் இல்லை. கடன்மேல் பயம். சொந்தக்காரர் வாய்மேல் பயம். அந்தப் பயம் தங்குவதற்கு ஓர் இடம் தேடிக் காலண்டரில் போய்த் தங்கிவிட்டது.

அப்புறம் பதினொன்றரை மணிக்கு, ராகு காலத்திலேயே, கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தோம். தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். சுமாராக வந்தது. ஆனால் அதை நான் மேடையில் சாட்சியாகச் சொல்லுகிறதில்லை. "ராகு காலத்தில் ஜெபித்தோம், தண்ணீர் வந்தது" என்று சொன்னால், நாளைக்கு ராகு காலத்தையே ஒரு தாயத்தாய்க் கட்டிக்கொள்வோம். அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும், தேவன் தப்புவிக்காமற்போனாலும் நாங்கள் வணங்கமாட்டோம் என்ற பொருளில் பேசினார்களே (தானியேல் 3:18), அதுதான் விசுவாசம். தண்ணீர் வராமல் போயிருந்தாலும் அவர் தேவனே!

அந்தத் தாளில் இருப்பது என்ன?

நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சாங்கம் என்றால் ஐந்து அங்கம்: வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். சூரியனும் சந்திரனும் வானத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் பண்ணி எழுதுகிற ஏடு அது. அதை ஏற்படுத்தினவர்கள் மூடர் அல்ல. கடிகாரமும் ரேடியோவும் இல்லாத நாளில் அமாவாசை எப்போது, கிரகணம் எப்போது, விதைப்பு எப்போது என்று ஜனங்களுக்குச் சொன்னது அதுவே. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் தாத்தா சொன்னது மூடநம்பிக்கையா? இல்லை. நம் திண்டுக்கல் சீமையில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. அதற்கேற்ற அனுபவ அறிவு அது. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டாரைப் பரியாசம்பண்ணப் போகாதிருங்கள். பரியாசம் சுவிசேஷம் ஆகாது.

ஆனால் ராகு காலம் என்பதோ வேறு கணக்கு. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைக்கும் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டுப் பங்காக்கினால், ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு பங்கை ஒவ்வொரு கிழமைக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை, ஞாயிறு 4.30 முதல் 6 வரை. ராகு என்பதும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிரகம் அல்ல. சந்திரன் போகிற பாதை சூரியன் போகிறதாகத் தெரிகிற பாதையை வெட்டுகிற ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கும் வானத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னும் கேளுங்கள். சூரியன் தினமும் சரியாய் ஆறு மணிக்கா உதிக்கிறது? நம் ஊரில் மே, ஜூனில் ஏறக்குறைய ஆறு மணிக்கு உதிக்கும். ஜனவரி கடைசியிலோ ஆறரைக்கும் மேலே ஆகிவிடும். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். திண்டுக்கல் இருப்பதோ 78 டிகிரியில். சூரியன் நமக்குச் சுமார் 18 நிமிஷம் பிந்தித்தான் வருகிறது. அன்றன்றைய உதயத்தையும் அஸ்தமனத்தையும் எடுத்துக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு வேறு நேரம் வரும். தாளில் அச்சடித்திருப்பது வேறு நேரம். பஞ்சாங்கத்திலும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறை உண்டு. 2023-ம் வருஷம் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17-ல் வந்தது, வாக்கியப்படி டிசம்பர் 20-ல் வந்தது. நடுவிலே பதினொரு மாதம்!

இப்பொழுது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, ஆக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். பகலில் கால் பங்கு. வருஷத்திற்கு 1095 மணி நேரம். எழுபது வயது வரைக்கும் அப்படிப் பயந்துகொண்டே இருந்தால் பதினேழரை வருஷத்துப் பகல் போய்விட்டது! இன்னும் சூலம், சந்திராஷ்டமம், அஷ்டமி, நவமி, ஆடி, மார்கழி எல்லாம் சேர்த்தால் மிஞ்சுவது எவ்வளவு?

நிலக்கோட்டை மல்லிகை மொட்டுக்கு இதெல்லாம் தெரியாது. விடியுமுன்னே பறித்துக் காலையிலேயே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் அது மலர்ந்து விலை போய்விடும். திங்கட்கிழமை ஏழரை மணி என்று எந்தப் பூ வியாபாரி தராசைக் கீழே வைக்கிறார்? திண்டுக்கல் ஜங்ஷனில் எந்த ரயில் ராகு காலம் முடியட்டும் என்று நிற்கிறது? பிழைப்புக்கு ராகு காலம் பார்க்கிறதில்லை. ஜெபத்திற்கு மாத்திரம் பார்க்கலாமா? காற்றையே பார்த்துக்கொண்டிருப்பவன் விதைக்கமாட்டான் என்று பிரசங்கி 11:4 நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

தேவன் காலண்டர் கொடுத்தது எதற்கு?

1. எண்ணுவதற்கு. ஆதியாகமம் 1:14-ஐ எடுத்து வாசியுங்கள். சூரியனையும் சந்திரனையும் தேவன் படைத்தது நாட்களையும் வருஷங்களையும் நாம் குறித்துக்கொள்வதற்காக. அவைகள் நம்மை ஆளும் எஜமான்கள் அல்ல, நம் வீட்டுக் கடிகாரங்கள்!

நிலக்கோட்டையில் நின்று மேற்கே பாருங்கள், கொடைக்கானல் மலை தெரியும். அங்கே ஒரு சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899-ல் ஏற்படுத்தப்பட்டு, 1901 முதல் சூரியனைக் கவனித்துக் குறித்து வருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி, சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தை அங்கேதான் கண்டுபிடித்தார். 2019-ம் வருஷம் டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில், நம் திண்டுக்கல்லில் வளைய சூரிய கிரகணம் தெரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சூரியன் ஒரு மோதிரம்போல நின்றது. அது எந்த நிமிஷத்தில் வரும் என்று வெகு காலத்திற்கு முன்பே விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். எப்படி முடிந்தது? சிருஷ்டிகர் அவைகளை அவ்வளவு ஒழுங்காய் ஓட வைத்திருக்கிறார்! அந்த ஒழுங்கைக் கண்டு துதிக்க வேண்டிய நாம், கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தோமானால் அது எவ்வளவு பரிதாபம்!

2. விடுதலையை நினைப்பதற்கு. எகிப்தில் இஸ்ரவேலர் அடிமைகள். அடிமைக்குச் சொந்தமாய் ஒரு நாள் கிடையாது. எஜமான் சொன்னதே கிழமை, எஜமான் சொன்னதே மாதம். அவர்களை வெளியே கொண்டுவருகிற நேரத்தில் தேவன் முதலாவது கொடுத்த கட்டளை என்ன? இந்த மாதம் உங்களுக்கு முதல் மாதம் என்பதே (யாத்திராகமம் 12:2). விடுதலையானவனுக்குத் தேவன் ஒரு காலண்டரைக் கையில் கொடுத்தார். அந்தக் காலண்டரை வைத்துக்கொண்டு மறுபடியும் அடிமையாகலாமா? நாட்களையும் மாதங்களையும் பார்த்துப் பார்த்து நடக்கிற கலாத்தியரைக் குறித்து, நான் பட்ட பாடெல்லாம் வீணாகுமோ என்று பவுல் கலங்கினாரே (கலாத்தியர் 4:10,11).

3. ஜெயத்தைக் காண்பதற்கு. எஸ்தர் 3-ம் அதிகாரத்தில் ஆமான் யூதரை அழிக்க நல்ல நாள் பார்க்கிறான். பூர் என்னும் சீட்டுப் போடுகிறான். போட்டது முதல் மாதம். விழுந்தது பன்னிரண்டாம் மாதம்! அவனுக்கு ராசியான நாள் என்று எண்ணிக் காத்திருந்தான். நடுவே கிடைத்த அந்தப் பதினொரு மாதத்தில் எஸ்தர் உபவாசித்தாள், ராஜாவிடம் பேசினாள், ஆமான் தூக்குமரத்தில் ஏறினான். அவன் குறித்த நாளே யூதருக்கு ஜெயத்தின் நாளாயிற்று, அதை அடுத்த நாட்கள் பண்டிகையாயின. அவன் போட்ட பூரின் பெயராலேயே அதைப் பூரீம் என்றார்கள். அல்லேலூயா! சத்துரு குறித்த நாளையும் ஜெயமாய் மாற்றுகிறவர் நம் தேவன்.

நம்முடைய கூடாரத்தையும் பார்ப்போம்

"பாஸ்டர் நன்றாகப் பேசுகிறார், இதை அந்த மாமாவுக்கு அனுப்ப வேண்டும்" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நாம் மாத்திரம் சுத்தமா?

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். ஆசீர்வாத வசனம் வந்தால் சந்தோஷம். மனந்திரும்பச் சொல்லுகிற வசனம் வந்தால் என்ன செய்கிறோம்? மெதுவாய்த் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறோமே! இது சீட்டு எடுக்கிற கிளி ஜோசியத்திற்கு எவ்வளவு தூரம்? ஜெர்மனி தேசத்தில் ஹெர்ன்ஹூட் என்கிற ஊரில் 1728-ல் மொரேவியச் சபையார் நாளுக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1731 முதல் அது புத்தகமாய் அச்சாகிறது. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. அதில் அன்றைய வசனம் கடிந்துகொண்டாலும் அதுதான் அன்றைய வசனம். பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. நாமும் எடுத்ததை வைத்துக்கொள்ளப் பழகுவோம்.

ஆடி மாதம் கல்யாணம் வைக்கத் தயங்குகிற விசுவாசிகள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா, சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்பார்கள். பிரசவ ஆபரேஷனுக்கு டாக்டரிடம் நேரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு நம்பர் 8, வண்டி நம்பர் 13 என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம், கர்த்தருடைய வருகைக்கே தேதி குறிக்கிறது. அமெரிக்காவில் 1844-ம் வருஷம் அக்டோபர் 22 என்றார்கள். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்றார்கள். அதை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு, வீட்டை விற்றவர்கள் உண்டு. 2011 மே 21 என்று மறுபடியும் அமெரிக்காவில் விளம்பரப் பலகைகளிலே போட்டார்கள். நாள் வந்தது, போயிற்று. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தவிர யாரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லியிருக்க (மத்தேயு 24:36), நமக்கு எதற்கு அந்தப் பஞ்சாங்கம்?

ஜனவரி 1-ம் வேதத்தில் கட்டளையிட்ட நாள் அல்ல. 1582-ல் காலண்டரைத் திருத்தினபோது, அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று வைத்தார்கள். பத்துத் தேதிகள் காணாமற்போயின. ஆனால் ஒருவருடைய ஆயுசிலும் ஒரு நாள்கூடக் குறையவில்லை! ஏன்? தேதி மனுஷன் கையில் இருக்கிறது. நம் காலங்களோ கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது (சங்கீதம் 31:15).

கிழிக்கப்படாத தாள்

இப்பொழுது நான் சொல்ல வந்த காரியத்திற்கு வருகிறேன். எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு நிலக்கோட்டை வீட்டில் ஜெபித்து முடித்துப் புறப்படும்போது, கட்டிலில் இருந்த பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அய்யா, கோயிலுக்கு வர முடியலை. கர்த்தருடைய பந்தி எடுத்து ஏழு மாசம் ஆச்சு. எனக்குக் கொண்டாந்து குடுக்கிறீகளா?" என்றார்கள்.

"கட்டாயம் வர்றேன் பாட்டியம்மா. அடுத்த மாசம் 18-ம் தேதி, வெள்ளிக்கிழமை, இதே நேரம்" என்றேன். சொல்லிவிட்டு, மருமகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ராகு காலத்திலேயே வர்றேன்" என்று கேலியும் பண்ணினேன். பேரப்பையன் பென்சில் எடுத்து, அக்டோபர் 18 தாளைத் தேடி, அதில் 'பாஸ்டர்' என்று எழுதினான்.

அக்டோபர் 18 வந்தது. நான் வேறு மாவட்டத்தில் ஒரு கன்வென்ஷனில் இருந்தேன். மறந்தே போனேன். ஞாபகம் வந்தபோது, "அடுத்த வாரம் போகலாம்" என்றேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் தீபாவளிக் கூட்டம். பாட்டியம்மா எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில் போன் வந்தது. கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள்.

அடக்க ஆராதனைக்குப் போனேன். அந்த அறைக்குள் நுழைந்ததும் என் கண் சுவருக்குப் போயிற்று. நவம்பர் மாதத்திலும் அந்த நாள் காலண்டர் அக்டோபர் 18-லேயே நின்றது. அடியில் பென்சில் எழுத்து: பாஸ்டர்.

பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பத்தா கிழிக்க விடலை. அய்யா இன்னும் வரலைல்லடா, வந்தப்புறம் கிழிக்கலாம்னு சொன்னுச்சு" என்றான். அந்தச் சகோதரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தத் தாளில் 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்று அச்சடித்திருந்தது. பிரியமானவர்களே, அந்த வீட்டிற்கு அந்த நேரத்தில் ஒரு தீங்கு நடந்தது உண்மைதான். அதைச் செய்தது ராகு அல்ல. வாக்குக் கொடுத்துவிட்டு வராமற்போன ஊழியக்காரன்!

ராகு காலம் பார்த்த சகோதரி நாளுக்குப் பயந்தார்கள். நானோ நாளை மதிக்கவே இல்லை. இரண்டில் எது பெரிய பாவம்? அன்றிரவு திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்து முழங்காலில் நின்றபோது, ஆவியானவர் நீதிமொழிகள் 3:28-ஐ எனக்கு ஞாபகப்படுத்தினார். கையில் இருக்கும்போதே, போய்த் திரும்ப வா, நாளைக்குத் தருவேன் என்று அயலானிடம் சொல்லாதிருக்கக் கற்பிக்கிற வசனம் அது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: காலண்டர் கர்த்தருடையது என்று வாயினால் அறிக்கை செய்தால் போதாது. நான் மற்றவர்களுக்குக் கொடுத்த தேதியைக் காப்பாற்றுகிறதில்தான் அது விளங்கும்.

பாட்டியம்மாவுக்கு இதினால் நஷ்டம் இல்லை. ஆண்டவருடைய பந்தியிலேயே இப்போது இருக்கிறார்கள். நஷ்டம் எனக்கே.

என்ன செய்யப் போகிறோம்?

காலண்டரைக் கிழித்து எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் அன்பாய்க் கொடுத்தது. பால் கணக்கும், சிலிண்டர் வந்த தேதியும் எழுத அது வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பம் வெளியாகிறது. அங்கே நம்முடைய வசனக் காலண்டரும் மற்றவர்கள் காலண்டரும் அதே தொழிலாளர் கைகளினால்தான் அச்சாகிறது. பேப்பரில் பாவம் இல்லை. பயத்தில்தான் இருக்கிறது. ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, இன்றைக்கே காலண்டர் முன் நின்று, நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுத்த தேதிகளைக் குறித்து வையுங்கள். பூட்டுப் பட்டறையோ தோல் ஷாப்போ நடத்துகிற சகோதரரே, சனிக்கிழமை சம்பளம் என்று சொன்னால் சனிக்கிழமையே கொடுங்கள். கூலி விடியுமட்டும் உங்கள் கையில் இருக்கக்கூடாது என்பது கர்த்தருடைய கட்டளை (லேவியராகமம் 19:13). கடன் வாங்கினவர்களே, தவணைத் தேதியன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்திற்கு வராதிருங்கள். கொடுக்க முடியாவிட்டால் நேரே போய்ச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதிருங்கள். கர்ப்பிணிச் சகோதரிகளே, ஸ்கேன் தேதி, தடுப்பூசித் தேதி எதையும் நாள் பார்த்தோ, "ஜெபம் பண்ணியிருக்கிறேன்" என்று சொல்லியோ விட்டுவிடாதிருங்கள். வலி வந்தால் ராகு காலம் முடியட்டும் என்று ஒரு நிமிஷமும் காத்திருக்கலாகாது. அன்றைய தினம் கர்த்தர் உண்டாக்கின தினம் (சங்கீதம் 118:24). அதில் ஆட்டோவைக் கூப்பிடுகிற நிமிஷமும் அடங்கும்.

மூன்றாவது, யாரோ ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஊரில் இருக்கிற அம்மாவாக இருக்கலாம். பேசி வருஷக்கணக்கான அண்ணனாக இருக்கலாம். "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, அவர்கள் வீட்டில் எந்தத் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கிறது? நாட்களை எண்ணுகிற அறிவை எங்களுக்குத் தாரும் என்று மோசே கேட்டாரே (சங்கீதம் 90:12), அந்த ஜெபத்திற்கு உங்கள் பதில் அந்த வீட்டிற்குப் போகிற பஸ்ஸாக இருக்கலாம். ஐம்பது வயதான ஒருவருக்கு எழுபது வரைக்கும் ஏறக்குறைய 7300 நாள். அதிலும் இன்றைக்கு ஒன்று போகிறது.

அந்த அக்டோபர் 18 தாளை அந்தச் சகோதரியிடம் கேட்டு வாங்கி என் வேதாகமத்தில் வைத்திருக்கிறேன். யாருக்காவது தேதி கொடுக்கிறதற்கு முன் அதை ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறேன். அந்தச் சகோதரி அதற்குப் பிறகு நாள் பார்க்கிறதை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பிரசங்கத்தினால் அல்ல. "அத்தை எந்த நேரத்துல ஜெபிச்சாலும் பயப்படாம ஜெபிச்சாங்கய்யா. அதைப் பார்த்துத்தான்" என்று சொன்னார்கள். கர்த்தருக்கே மகிமை!

வாருங்கள், ஜெபிப்போம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, சூரியனையும் சந்திரனையும் எங்களுக்காக ஏற்படுத்தினவரே, உமக்கு ஸ்தோத்திரம். நாளுக்கும் நட்சத்திரத்துக்கும் மனுஷர் பேச்சுக்கும் பயந்த பயத்தை எங்கள் வீட்டிலிருந்து நீக்கும். கொடுத்த வாக்கை மறந்த எங்களை மன்னியும். காத்திருக்கிறவர்களிடத்திற்கு இந்த வாரத்திலேயே எங்களைக் கொண்டுபோம். மீதியான நாட்களை உமக்கு முன்பாக உண்மையாய் எண்ண எங்களுக்குக் கற்றுக்கொடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக!

உங்களுக்காக ஜெபிக்கும்,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்